சமன் குறிக்குப் பின்னால்

கேள்விக்குறி வரைக்கும் அது வெறும் முகவரி.
அதற்குப் பின்னால்தான் நான் எழுதத் தொடங்கினேன்.

ஆரியகுளம் சந்திக்குக் கிட்ட,
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
குளிரூட்டி பழுதான மே மாதம்.
மாற்றிய நிரலைப் பார்வைக்கு அனுப்பச் சொன்னால்
படிவத்தை வெறுமையாய் அனுப்புகிறவர்கள் நாங்கள்.
தலைப்பு: "அது".
விளக்கம்: ஒரு புள்ளி.
திவ்வியரூபன் ஒவ்வொரு முறையும் கத்துவான்,
"உதில என்னத்தைப் பார்க்கச் சொல்லுறியள்?"

அதனால் ஓர் இணைப்புச் செய்தேன்.
தலைப்பு சமன், கிளை சமன், பார்ப்பவர் சமன்,
ஒன்றோடொன்று ஒட்ட நடுவில் ஒரு முறுக்கு: &

சும்மா இடைவெளி விட முடியாது அங்கே,
வெறுமைக்கும் ஓர் இலக்கம் கேட்கும். %20.
'அ' என்று ஒரேயோர் எழுத்தைப் போட்டேன்.
%E0%AE%85 என்று விரித்துக் காட்டியது.
ஓர் உயிருக்கு மூன்று வீதக்குறி.
"பழுது & திருத்தம்" என்று எழுதிப் பார்த்தேன்;
பழுது மட்டும் போய்ச் சேர்ந்தது.
திருத்தத்தை முறுக்கு விழுங்கிவிட்டது.
தனியே சிரித்தேன். லக்சிகா திரும்பிப் பார்த்தாள்.

கடைசிப் பெட்டி: சோதித்தீர்களா?
அதையும் நானே நிரப்பினேன்,
"ஓம், சோதித்தாச்சு."
பெடியளுக்கு ஒரு வரி மிச்சம் எண்டு நினைச்சுத்தான்.

மூன்று கிழமை எனக்கு ஒரே புகழ்.
அழுத்தினால் போதும், படிவம் நிரம்பியே திறக்கும்.
ஒரே சொல் ஒரே இடத்தில் தினமும் நின்றதில்
திவ்வியரூபனின் கண்ணுக்கு அது சுவராகிப் போனது.
"சரி" என்பான். "சரி." "சரி."

வெள்ளி இரவு ஒன்பதே கால்,
கொழும்பு பஸ்ஸிலிருந்து கொண்டக்டர்:
"தங்கச்சி, உங்கட கொம்பியூட்டர்
பதினேழாம் சீட்டை ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கு."
ஸ்கூட்டியில் போனேன்.
மகரகம ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண், மடியில் எக்ஸ்ரே உறை.
காலையில் நேர்முகம் உள்ள பெடியன், சலவை மடிப்புக் கலையாத சேர்ட்.
இருவரும் போனை நீட்டினார்கள், என்னை நோக்கி.
ஒரே இலக்கம். ஒரே நொடி.
இரண்டுமே செல்லும்.

பெடியன் எஞ்சின் மூடியில் போய் இருந்தான்.
பெருந்தன்மை என்று சொல்ல வரவில்லை,
கொண்டக்டர் ஐந்நூறு ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.
எட்டு மணித்தியாலம் அந்தச் சூட்டில்.
பஸ் போன பிறகும்
எண்ணெய் மணம் சேலைத் தலைப்பில் கிடந்தது.

திரும்பி வந்து அந்த வேண்டுகோளைத் திறந்தேன்.
நிலக்சனின் மாற்றம், பதினொரு வரி.
கீழே, "ஓம், சோதித்தாச்சு."

"அக்கா, அது முதலே அதில இருந்தது.
நான் அழிக்கேல்லை, அவ்வளவுதான்."

உண்மைதான்.
அவன் பொய் எழுதவில்லை.
நான் எழுதி வைத்த பொய்யின் கீழ்
அவன் பெயர் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, யாருமில்லாத அலுவலகம்.
தலைப்பை விட்டேன். கிளையை விட்டேன்.
பார்ப்பவரையும் விட்டேன், பாவம், இனியாவது பார்க்கட்டும்.
கடைசியில் மட்டும் பின்னோக்கி அழித்தேன்,
எழுத்தெழுத்தாய், சமன் குறி வரைக்கும்.

&சோதனை=

அங்கேயே நிற்கிறது இப்போது இணைப்பு,
பாதியில் நிறுத்திய வசனம் மாதிரி.
"உடைஞ்சுபோச்சு போல" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.
இல்லை என்றேன்.

திங்கள் பத்தரைக்கு லக்சிகாவின் வேண்டுகோள் வந்தது.
அந்தப் பெட்டியில்:
"இன்னும் இல்லை. ஒரே நொடியில ரெண்டு பேர் அழுத்தோணும்.
எனக்கு ஒரு கை காணாது. ஆராவது வாங்கோ."

போனை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன்.
பதினேழாம் சீட்டு, இரண்டு திரையிலும் பச்சை.
விரலை மேலே வைத்துக்கொண்டு
மூன்று வரை எண்ணினோம்.